தேர்தல் முடிவுக்கு முன்பா, பின்பா: கையிலிருக்கும் 10 லட்சத்தை எப்போது, எதில் போடுவது?

2024 மே மாதக் கடைசியில், நாடாளுமன்றத் தேர்தலின் ஏழு கட்ட வாக்குப்பதிவில் ஐந்து முடிந்திருந்த நேரத்தில், என் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். ஏப்ரல் இறுதியில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அவருக்குப் பணிக்கொடையாகவும் விடுப்புச் சம்பளமாகவும் வந்த தொகையில், வீட்டுக் கடனை அடைத்தது போக, 10 லட்சம் ரூபாய் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தது. "ஜூன் 4 ரிசல்ட் வரட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னு பார்க்கிறேன்" என்றார். அவருடன் பணியாற்றிய நண்பர், ஆட்சி மாறப்போவதில்லை, இப்போதே முழுத் தொகையையும் பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டில் போட்டுவிடு என்று சொல்லியிருந்தார். அவருடைய மகன், அதாவது என் தம்பி, பொதுத்துறை நிறுவனப் பங்குகளாகப் பொறுக்கி வாங்கலாம் என்றான். சித்திக்குத் தங்கத்தைத் தவிர எதிலும் நம்பிக்கையில்லை. நான் தவணையாகப் பிரித்துப் போடச் சொன்னேன். இந்த ஐந்து யோசனைகளும் ஒவ்வொரு தேர்தலின்போதும் ஏதாவது ஒரு வீட்டில் பேசப்படுபவைதான் என்பதால், இவை ஒவ்வொன்றும் கடந்த தேர்தல்களில் என்ன பலனைத் தந்திருக்கும் என்று எண்களோடு வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

காத்திருப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் செய்வதும் ஆபத்தே இல்லாதது போலத் தோன்றுவதும் அதுதான். காத்திருந்தவருக்குச் சாதகமாக முடிந்த தேர்தல் 2004. அந்த ஆண்டு மே 13 அன்று வந்த முடிவில் வாஜ்பாய் அரசு தோற்றது. புதிய அரசு இடதுசாரிகளின் ஆதரவில் நிற்க வேண்டியிருக்கும் என்பதும், பொதுத்துறைப் பங்கு விலக்கல், அதாவது அரசு தன் நிறுவனப் பங்குகளை விற்பது, நின்றுவிடும் என்ற பேச்சும் சேர்ந்து, மே 14 வெள்ளிக்கிழமை மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸை 6 சதவீதம் அளவுக்குச் சரித்தன. வார விடுமுறைக்குப் பின் மே 17 திங்களன்று நடந்ததை இன்றும் தரகர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஒரு கட்டத்தில் 842 புள்ளிகள் வரை விழுந்து, வர்த்தகம் இருமுறை நிறுத்தப்பட்டு, இறுதியில் 564.71 புள்ளிகள் இழப்புடன், அதாவது 11 சதவீதத்துக்கு மேல் சரிந்து, 4,505 என்ற அளவில் சந்தை முடிந்தது. அந்த ஆண்டின் கடைசியில் சென்செக்ஸ் 6,600-ஐத் தாண்டியிருந்தது. மே 17 மாலை வரை பணத்தைக் கையில் வைத்திருந்து, அன்று துணிந்து வாங்கியவருக்கு ஏழே மாதத்தில் 45 சதவீதத்துக்கு மேல் லாபம். ஆனால் முடிவு வெளியான மே 13 அன்றே, 5,399 என்ற அளவில் வாங்கி, மறுநாளும் திங்களன்றும் ரத்தக்கொதிப்பு ஏறி, விற்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவருக்கும் ஆண்டு முடிவில் 22 சதவீதம் கிடைத்தது.

அடுத்த தேர்தலில் காத்திருந்தவர் கதை வேறு. 2009 மே 16 சனிக்கிழமை முடிவு வந்தது. காங்கிரஸ் 206 இடங்களைப் பெற்று, இடதுசாரிகள் தயவின்றி ஆட்சி அமைக்க முடிந்தது. திங்கள் காலை சந்தை திறந்த சில நொடிகளில் சென்செக்ஸ், ஏற்றத்துக்கு விதிக்கப்பட்ட உச்ச வரம்பைத் தொட்டு வர்த்தகம் நின்றது. மீண்டும் தொடங்கியபோது அடுத்த வரம்பையும் உடனே மோதி, அந்த நாள் முழுவதற்குமாக மூடப்பட்டது. மொத்த வர்த்தகம் ஒரு நிமிடம்கூட முழுதாக நடக்கவில்லை. வெள்ளியன்று 12,173-ல் இருந்த குறியீடு 14,284-ல் நின்றது. உயர்வு 17 சதவீதத்துக்கு மேல். "முடிவு தெளிவான பிறகு போடலாம்" என்றிருந்தவர் தெளிவுக்காகக் கொடுத்த விலை அந்த 17 சதவீதம். அவர் எவ்வளவு விழிப்போடு கணினி முன் உட்கார்ந்திருந்தாலும் அன்று வாங்கியிருக்க முடியாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

2014-லும் 2019-லும் நடந்தவை இவ்வளவு நாடகத்தன்மை கொண்டவை அல்ல என்றாலும், காத்திருப்பது ஏன் பெரும்பாலும் பொருளற்றதாகிறது என்பதை அவைதான் நன்றாகக் காட்டுகின்றன. 2013 செப்டம்பர் 13 அன்று பா.ஜ.க. தன் பிரதமர் வேட்பாளரை அறிவித்தபோது சென்செக்ஸ் 19,700-ஐ ஒட்டி இருந்தது. 2014 மே 15-ல், முடிவுக்கு முந்தைய நாளில், 23,900-ஐத் தாண்டியிருந்தது. அந்தக் கட்சிக்குத் தனித்தே 282 இடங்கள் என்ற, யாரும் எதிர்பாராத அளவிலான வெற்றி வந்த நாளில், இடையில் 25,000-ஐத் தொட்டுவிட்டு வந்தாலும், நாள் முடிவில் குறியீடு ஏறியது வெறும் 216 புள்ளிகள். எட்டு மாதங்களில் 21 சதவீதம், முடிவு நாளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்த 21 சதவீதத்தையும் தேர்தல் கணக்கிலேயே எழுதிவிடுவது தவறு. அதே செப்டம்பரில்தான் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கிப் பொறுப்பேற்று, டாலருக்கு 68 ரூபாய்க்கு மேல் சரிந்திருந்த ரூபாயை நிலைநிறுத்தும் நடவடிக்கைகளை எடுத்தார். அமெரிக்க மத்திய வங்கியும் பணப்புழக்கத்தைக் குறைக்கும் முடிவை அந்த மாதம் தள்ளிப்போட்டது. 2019-ல், மே 19 மாலை எக்ஸிட் போல்கள் வெளியானதும் மறுநாள் சென்செக்ஸ் 1,421 புள்ளிகள் ஏறியது; மே 23 அன்று, கணித்ததைவிடவும் வலுவாக 303 இடங்கள் வந்தபோது, முதன்முறையாக 40,000-ஐத் தொட்டுவிட்டு, 298 புள்ளிகள் நஷ்டத்தில் முடிந்தது. சந்தை எதிர்பார்ப்பைத்தான் வாங்குகிறது. நடந்து முடிந்த செய்தியை விற்றுவிடுகிறது.

இனி சித்தப்பாவின் தேர்தலுக்கு வருகிறேன். ஜூன் 1 மாலை ஏழாம் கட்ட வாக்குப்பதிவு முடிந்ததும் வெளியான எக்ஸிட் போல்களில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன. சில 400 என்றன. அதற்கு முன்பே, ஜூன் 4-க்குமுன் பங்குகளை வாங்கிவையுங்கள் என்று ஆளும் தரப்பின் மூத்த தலைவர்களே பேட்டிகளில் சொல்லியிருந்தனர். பின்னர் எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கேட்டதற்கும் அதுவே காரணமானது. ஜூன் 3 திங்களன்று சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் உயர்ந்து 76,468-லும், தேசியப் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 23,263.90-லும் முடிந்தன. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் பா.ஜ.க. 240, கூட்டணி 293 என்ற நிலை உருவாக, சென்செக்ஸ் இடையில் 6,200 புள்ளிகளுக்கு மேல் சரிந்து, 4,389 புள்ளிகள் நஷ்டத்தில் 72,079-ல் நின்றது, நிஃப்டி 21,884.50. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் சந்தை மதிப்பில் ஒரே நாளில் ஏறத்தாழ 31 லட்சம் கோடி ரூபாய் கரைந்தது. ஜூன் 5-ல் நிஃப்டி 22,620.35, ஜூன் 7 வெள்ளியன்று 23,290.15. அதாவது நான்கே வர்த்தக நாட்களில் சந்தை எக்ஸிட் போல் உற்சாகத்தின் உச்சத்துக்கே திரும்பிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. யார் ஆட்சிக்கு வருவார் என்று சித்தப்பாவின் நண்பர் கணித்தது சரியாகவே இருந்தது. அந்தச் சரியான கணிப்பை நம்பி ஜூன் 3 அன்று பணம் போட்டிருந்தால் மறுநாள் மாலை ஏறத்தாழ 6 சதவீதம் காணாமல் போயிருக்கும். தேர்தலை வைத்து முதலீடு செய்பவர் முடிவையும் சரியாகக் கணிக்க வேண்டும், அந்த முடிவில் எவ்வளவு பங்கு ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது என்பதையும் சரியாகக் கணிக்க வேண்டும்.

அந்த வாரத்தின் எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். ஈவுத்தொகையையும் செலவுகளையும் ஒதுக்கிவிட்டு, 10 லட்சத்தை நிஃப்டி குறியீட்டில் போட்டதாக வைத்துக்கொள்வோம். ஜூன் 3 அன்று போட்டவரிடம், நிஃப்டி 26,216-ல் முடிந்த செப்டம்பர் 26 அன்று, 11.27 லட்சம் இருந்திருக்கும். ஜூன் 4 அன்று, அதாவது பீதியின் நடுவே போட்டவரிடம் 11.98 லட்சம். ஒரு நாள் தள்ளிப் போட்டவரிடம் 11.59 லட்சம். எல்லாம் அடங்கட்டும் என்று ஜூன் 7 வரை பொறுத்தவரிடம் 11.26 லட்சம். எக்ஸிட் போலுக்கும் முன்பே, மே 31 அன்று, 22,530-ல் போட்டவரிடம் 11.64 லட்சம். காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது ஜூன் 4 என்ற ஒற்றை நாளில் துணிந்தவருக்கு மட்டும்தான். தெளிவுக்காகக் காத்திருந்தவர், காத்திருக்காதவரைவிடக் குறைவாகவே பெற்றார்.

அந்த ஒற்றை நாளில் வாங்குவதுகூடச் சொல்வதுபோல எளிதில்லை என்பதற்கு நானே சாட்சி. ஜூன் 4 மதியம் 2 மணி கடந்த சில நிமிடங்களில், கைபேசிச் செயலி ஒன்றின் வழியாக ஒரு நிஃப்டி குறியீட்டு ஃபண்டில் ஒரு லட்சம் ரூபாய் போட்டேன். வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. இரண்டு நாட்கள் கழித்து வந்த கணக்கு அறிக்கையில் யூனிட்டுகள் ஜூன் 5-ம் தேதி என்.ஏ.வி.யில், அதாவது அன்றைய யூனிட் விலையில், ஒதுக்கப்பட்டிருந்தன. காரணம் விதியிலேயே இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து, தொகை எவ்வளவாக இருந்தாலும், பணம் பிற்பகல் 3 மணிக்குள் ஃபண்டின் கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தால்தான் அன்றைய என்.ஏ.வி. கிடைக்கும், நம் கணக்கிலிருந்து கிளம்பிய நேரம் கணக்கில் வராது. என் பணம் நடுவில் எங்கோ நின்றுவிட்டது. அந்த ஒரு நாளில் நிஃப்டி 3.36 சதவீதம் ஏறிவிட்டதால், ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ 3,360 ரூபாய் வித்தியாசம். சரிவு நாளில் வாங்குவதுதான் உத்தி என்றால், பணத்தை முதல் நாளே தரகுக் கணக்கில் நகர்த்தி வைத்திருக்க வேண்டும். மதியம் செய்தி பார்த்துவிட்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் மறுநாள் விலையில்தான் நிறைவேறும்.

தம்பியின் யோசனை, அதாவது வரப்போகும் ஆட்சிக்கு ஏற்பத் துறைகளைப் பொறுக்குவது, கேட்பதற்கு மிகவும் அறிவார்ந்ததாக இருந்தது. மூலதனச் செலவுக்கு மட்டும் இடைக்கால பட்ஜெட்டில் 11.11 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. ரயில்வே, பாதுகாப்பு, மின்சாரம், பொதுத்துறை வங்கிகள் ஆகியவற்றின் பங்குகள் ஓராண்டாகவே ஏறிக்கொண்டிருந்தன. ஜூன் 4 அன்று அதிகம் அடிவாங்கியவையும் அவையே. பொதுத்துறை வங்கிகளின் குறியீடு ஒரே நாளில் ஏறத்தாழ 15 சதவீதம் சரிந்தது. கூட்டணி அரசு என்றால் கிராமப்புறச் செலவும் நலத்திட்டங்களும் கூடும் என்ற ஊகத்தில் சோப்பும் பற்பசையும் விற்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவர் பங்கு அன்று ஏறத்தாழ 6 சதவீதம் உயர்ந்தது. ஜூலை 23 அன்று வந்த முழு பட்ஜெட்டிலோ, கூட்டணிக் கட்சிகளின் மாநிலங்களான ஆந்திரத்துக்கும் பிகாருக்கும் தனித் திட்டங்கள் இருந்தாலும், மூலதனச் செலவு அதே 11.11 லட்சம் கோடியாகத் தொடர்ந்தது. நிதிப் பற்றாக்குறை இலக்கு 5.1 சதவீதத்திலிருந்து 4.9 ஆகக் குறைக்கப்பட்டது. ஜூன் 4-ன் ஊகத்துக்கும் ஜூலை 23-ன் எண்களுக்கும் அதிகத் தொடர்பில்லை. ஓய்வுக்காலப் பணத்தை இந்த விளையாட்டில் இறக்கவே கூடாது என்பது என் கருத்து. முப்பது வயதுக்காரர் தன் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கை வைத்து ஆடிப்பார்த்தால் அது அவர் பாடு.

தம்பி இன்னொன்றும் சொன்னான்: முழுத்தொகையையும் பங்கு ஃபண்டில் போட்டுவிட்டு, முடிவு நாளுக்குக் காப்பாக நிஃப்டி புட் ஆப்ஷன், அதாவது குறியீடு விழுந்தால் ஈடு தரும் ஒப்பந்தம், வாங்கிக்கொள்ளலாம் என்று. கொள்கை அளவில் இது வெள்ளத்துக்குமுன் காப்பீடு எடுப்பதைப் போன்றது. ஆனால் வெள்ள அறிவிப்பு வந்தபிறகு காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தை ஏற்றிவிடுவதைப் போல, தேர்தல் நெருங்க நெருங்க ஆப்ஷன் பிரீமியமும் ஏறிக்கொண்டே போகும். சந்தையின் பதற்றத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் குறியீடு 2024 மே மாதம் முழுவதும் ஏறியது அதனால்தான். முடிவு வந்த மறுநாளே அது சரிந்தது. அப்போது, சந்தை பெரிதாக விழாத நிலையில், வாங்கிய ஆப்ஷனின் மதிப்பில் பெரும்பகுதி ஒரே இரவில் ஆவியாகிவிடும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஆப்ஷன் உள்ளிட்ட பங்கு முன்பேர வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்ததாகவும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது. பெரிய தொகை வைத்திருப்பவர்களுக்கும் நிறுவனங்களுக்கும் இது ஒரு கருவி. 10 லட்சத்துக்கு இது வேண்டாத வேலை.

சித்தியின் தங்கத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. தேர்தலில் யார் வென்றாலும் தங்கத்தின் விலையை நியூயார்க்கும் லண்டனும் டாலர் மதிப்பும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்பதால், உள்நாட்டுத் தேர்தல் அபாயத்திலிருந்து அது ஓரளவு விலகி நிற்கிறது. ஓரளவுதான், ஏனென்றால் இறக்குமதி வரி அரசின் கையில் இருக்கிறது. ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்தின் மீதான சுங்க வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் அன்றே சவரன் விலை இறங்கியது. முந்தைய வாரம் வாங்கியவர்கள் புலம்பினார்கள். அதன்பின் உலகச் சந்தையில் வந்த ஏற்றம் அந்த இழப்பை விழுங்கிவிட்டது. 2025-ல் ஏற்றம் இன்னும் வேகமெடுத்தது. பின்னோக்கிப் பார்த்தால் சித்தியே வென்றார் என்று சொல்ல வேண்டும். ஆனால் அவர் மனத்தில் இருந்தது நகை. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் போக அது முதலீடாக எஞ்சுவது குறைவு. புதிய தங்கப் பத்திர வெளியீடோ 2024 பிப்ரவரியோடு நின்றுவிட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், தங்கம் மாதாமாதம் வீட்டுச் செலவுக்குப் பணம் தராது. ஓய்வுபெற்றவருக்கு அது சிறிய குறையில்லை.

அந்தத் தேவைக்கு அஞ்சலகத்திலேயே விடை இருந்தது. 60 வயது நிறைந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 8.2 சதவீத வட்டி தந்துகொண்டிருந்தது. 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். ஐந்தாண்டுக்கு வட்டி விகிதம் மாறாது. காலாண்டுக்கு ஒருமுறை வட்டி கணக்கில் வந்துவிடும். எந்தக் கூட்டணி வந்தாலும், ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தாலும், போட்ட நாளின் விகிதம் தொடரும். வங்கி வைப்புத்தொகை இதைவிடச் சற்றுக் குறைவான வட்டி என்றாலும், இடையில் எடுப்பது எளிது. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடும் உண்டு. இரண்டிலும் வட்டிக்கு வரி கட்ட வேண்டும் என்பதையும், மூத்த குடிமக்கள் திட்டத்தை ஓராண்டுக்குள் மூடினால் வட்டியே கிடைக்காது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அரசுக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் கில்ட் ஃபண்டைப் பற்றியும் யோசித்தோம். ஜூன் 4 அன்று பத்தாண்டுப் பத்திரத்தின் வருவாய் விகிதம் 6.94-லிருந்து 7.03 சதவீதமாக ஏறியது. பங்குகள் விழுந்த அதே நாளில் பத்திர விலையும் இறங்கியது என்று பொருள். ஜூன் இறுதியில் இந்தியப் பத்திரங்கள் ஜே.பி. மார்கன் வங்கியின் வளரும் நாடுகளுக்கான பத்திரக் குறியீட்டில் சேர்க்கப்பட்டதும், நிதிப் பற்றாக்குறை குறைந்ததும் அந்த விலையை மீட்டுத் தந்தன. மோசமான தேர்வில்லை, ஆனால் என்.ஏ.வி. ஏறி இறங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் சுபாவம் உள்ளவருக்கு இதுவும் ஒரு கவலைதான்.

முடிவில் சித்தப்பா 6 லட்சத்தை மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டார். அடுத்த ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தேவைப்படாது என்று அவரே சொன்ன 4 லட்சத்தை, மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஒரு லிக்விட் ஃபண்டில் வைத்து, அங்கிருந்து மாதம் 50,000 வீதம், ஒவ்வொரு மாதமும் 25-ம் தேதியை ஒட்டி எட்டு மாதங்களுக்கு, நிஃப்டி குறியீட்டு ஃபண்டுக்கு மாற்றும் எஸ்.டி.பி. ஏற்பாட்டைச் செய்தோம். ஒவ்வொரு மாற்றமும் வரிச் சட்டத்தின்படி லிக்விட் ஃபண்டிலிருந்து செய்யும் விற்பனைதான். அதில் வரும் சிறு லாபம் அவருடைய வருமானத்தோடு சேரும். சேமிப்புக் கணக்கில் 3 சதவீத வட்டிக்குப் பணத்தைக் கிடத்திவைப்பதைவிட, காத்திருக்கும் பணமும் சம்பாதிக்கட்டும் என்பதற்காகவே அந்த வழி.

தவணையை நான் பரிந்துரைத்ததால் அதன் குறையையும் நானே சொல்ல வேண்டும். ஜூன் தவணை 23,700-ஐ ஒட்டி விழுந்தது. செப்டம்பர் 25 தவணை 26,000-ல், அதாவது அந்த ஆண்டுச் சந்தையின் உச்சத்துக்கு ஒரு நாள் முன்பு விழுந்தது. பின்னர் அந்நிய முதலீட்டாளர்கள் தொடர்ந்து விற்றதில் சந்தை இறங்கி, 2025 மார்ச் 4 அன்று நிஃப்டி 22,082-க்கு வந்தது. எட்டுத் தவணைகளையும் சேர்த்துப் பார்த்தபோது சித்தப்பாவின் 4 லட்சத்தில் ஏறத்தாழ 9 சதவீதம், 35,000 ரூபாயை ஒட்டி, நஷ்டம். எக்ஸிட் போல் உற்சாகத்தில் ஜூன் 3 அன்று மொத்தமாகப் போட்டிருந்தால்கூட அந்த நாளில் நஷ்டம் 5 சதவீதம்தான். ஜூன் 4 அன்று வாங்கியவர்கூட ஒரு சதவீத லாபத்தோடுதான் நின்றார். தேர்தல் நாளின் அந்தப் பெரிய சலுகையை ஒன்பது மாதத்தில், தேர்தலோடு தொடர்பில்லாத காரணங்களே விழுங்கிவிட்டன. ஏறிக்கொண்டே போகும் சந்தையில் தவணைமுறை பின்தங்கும், உச்சத்தின் பக்கம் தவணைகள் குவிந்தால் மொத்த முதலீட்டையும்விட மோசமாகும். அது லாபத்தைக் கூட்டும் உபாயம் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். ஜூன் 4 போன்ற ஒரு நாளில், போட்ட பணம் முழுவதும் கண்முன் கரைவதைப் பார்த்து அலறி விற்றுவிடும் சுபாவம் உள்ளவரைக் காப்பாற்றுவதே அதன் வேலை. சித்தப்பா அப்படிப்பட்டவர், அதனால்தான் அதைச் சொன்னேன். ஏற்ற இறக்கங்களைப் பார்த்துப் பழகியவர், பத்தாண்டுக்குத் தொடாத பணம் என்றால், தேர்தல் நாள்காட்டியைப் பார்க்காமல் ஒரே தடவையில் போட்டுவிடலாம்.

தேர்தலால் முதலீட்டாளருக்கு நீடித்து நிற்கும் விளைவு என்று நான் பார்ப்பது முடிவு நாளின் குலுக்கலை அல்ல, அதைத் தொடர்ந்து வரும் முதல் முழு பட்ஜெட்டை. சந்தையை 11 சதவீதம் நடுங்கவைத்த 2004-ன் ஆட்சி மாற்றத்துக்குப் பின், அந்த ஜூலையில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் தாக்கல் செய்த பட்ஜெட்டில், பங்குப் பரிவர்த்தனை வரியைக் கொண்டுவந்து, அதற்கு ஈடாகச் சந்தையில் விற்கும் பங்குகளின் நீண்டகால மூலதன ஆதாய வரியையே நீக்கினார். அந்த விலக்கு 2018 வரை நீடித்தது. சந்தை விரும்பிய தொடர்ச்சியைத் தந்த 2024-ன் முடிவுக்குப் பின் வந்த பட்ஜெட்டிலோ, அதே வரி 10 சதவீதத்திலிருந்து 12.5 ஆகவும், குறுகியகால ஆதாய வரி 15-லிருந்து 20 ஆகவும் ஏறின. விலக்கு வரம்பு ஒரு லட்சத்திலிருந்து 1.25 லட்சமானது மட்டும் ஆறுதல். 2019-லும், 303 இடங்களின் மகிழ்ச்சி அடங்குமுன்பே ஜூலை பட்ஜெட்டின் கூடுதல் வரி அந்நிய முதலீட்டாளர்களை விரட்டி, ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சந்தை பயந்த முடிவு வரிச் சலுகையைத் தந்தது, அது விரும்பிய முடிவு வரியை ஏற்றியது. ஆகவே அடுத்த தேர்தலின்போது யாருக்காவது கட்டாயம் காத்திருந்தே தீர வேண்டும் என்றால், வாக்கு எண்ணிக்கைக்குக் காத்திருப்பதைவிட ஜூலை பட்ஜெட்டுக்குக் காத்திருப்பதில் ஓரளவு பொருளிருக்கிறது; ஏற்கெனவே லாபத்தில் இருக்கும் யூனிட்டுகளை எப்போது விற்பது என்ற முடிவுக்கு அது நேரடியாகப் பயன்படும்.

2025 மார்ச் முதல் வாரத்தில், பத்து நாட்கள் தொடர்ந்து நிஃப்டி விழுந்த பின்னர், சித்தப்பா மறுபடி அழைத்தார். ஃபண்டை விற்றுவிடலாமா என்று கேட்பார் என்று எதிர்பார்த்துப் பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது, ஏப்ரலில் வரவேண்டிய மூத்த குடிமக்கள் திட்டத்தின் காலாண்டு வட்டி 12,300 ரூபாயில் வரி பிடிக்காமலிருக்க 15எச் படிவத்தை இப்போதே கொடுக்கலாமா, புது நிதியாண்டு பிறந்த பிறகா என்பதைத்தான்.